தோள் இல்லாத இடத்தில் ஒரு கை

1.

“அப்போ என் கை எதுக்கு அந்தரத்துல கீது? அதுக்கு மட்டும் பதில் சொல்லு, வினிதா.”

“போஸ் குடுத்திருப்பீங்கக்கா. கேமராவைப் பார்த்தா நீங்க ஹீரோயின் ஆயிடுவீங்களே!”

வேனுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. வினிதாவின் போனில் மதியம் எடுத்த குரூப் போட்டோ இருந்தது. சதுரங்கப்பட்டினம் கடற்கரை, கம்பெனி கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட்டில் ஊழியர்கள் வரிசையாக நிற்கிறார்கள். தனத்தின் இடது கை பக்கவாட்டில் நீண்டு, ஒரு பெண்ணின் தோள் உயரத்தில், எதன் மேலும் படாமல் இருந்தது. விரல்கள் மட்டும் எதையோ பற்றியதுபோல் வளைந்திருந்தன.

“ஜெனி தோள்ல போட்ட கை இது.”

“எந்த ஜெனி?” என்றாள் வினிதா.

2.

இதை எழுதும் எனக்கு இந்தக் கதை சிட்லபாக்கம் ஏரிக்கரையில் கிடைத்தது. ஒரே நிற டி-ஷர்ட் போட்ட சிலர் பாட்டும் கூச்சலுமாக வேனில் ஏறினார்கள். அதே நிறத்தில் ஒரு பெண் எதிர்ப்பக்கம் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் வேன் போய்விட்டது. அவள் ஓடவில்லை. கூப்பிடவும் இல்லை. அவளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

(அவளுக்காகவா? அவளைப் பார்த்த பயத்தில் என்பதே சரி.)

3.

முதல் வரைவில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் சின்னக் கம்பெனி ஒன்று வந்தது. முதலாளி சுப்பராயலு வருஷா வருஷம் எல்லாரையும் கடலுக்கு அழைத்துப்போவார். பேக்கிங்கில் இருக்கும் தனம்தான் பக்கத்து வீட்டு ஜெனியை வேலைக்குச் சேர்த்துவிட்டவள். “நான் கூட கீறேன், பயப்படாம அனுப்பு” என்று அவள் அம்மா ஏஞ்சலிடம் சொல்லிக் கூட்டிவந்தவள். போட்டோ முடிந்ததும் ஜெனி கால் நனைக்கப் போனாள்.

ஜெனி முழங்கால் தண்ணீரில் நின்று, திரும்பிப் பார்த்து,

அங்கே நிறுத்தினேன். மறுநாள் படித்தபோது கதையில் ஆள் அதிகம் என்று தோன்றியது. ஜெனி வரும் இடங்களை அழித்தேன். தனத்தின் கையைக் கீழே இறக்க மறந்துவிட்டேன். மேலே நிற்கும் அந்தப் பாதி வரியை அழிக்கவும்.

4.

“சீட்டெல்லாம் ஃபுல்லா இருக்கு, தனம். இன்னும் யாருக்கு வெயிட் பண்றோம்?” சுப்பராயலு முன் சீட்டிலிருந்து திரும்பினார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

“அவ அம்மாவுக்கு நான் இன்னா பதில் சார் சொல்றது?”

“யார் அம்மாவுக்கு?”

தனம் ஏஞ்சலுக்கு போன் போட்டாள். “ஏஞ்சலு, நம்ம ஜெனி…”

“ஜெனியா? அது யாருடி?” மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். “வெயில்ல நின்னியா? இங்க எனக்கே ஒரே பேஜாரா கீது. மத்தியானத்துலேர்ந்து எதுக்குன்னே தெரியல தனம், அழுதுகினே இருக்கேன்.”

5.

ஒரு முடிவு: வேன் கிளம்புகிறது, தாம்பரம் வருவதற்குள் தனமும் மறந்துவிடுகிறாள், [எழுத முடியவில்லை. வேன் நகர்வதற்குள் தனம் குதித்து இறங்கிவிட்டாள்.]

இன்னொன்று: பாதி வரியை முடிப்பது. ‘கரைக்கு வந்தாள்’ என்று எழுதிப் பார்த்தேன். ஒருத்தி வந்தாள். அதே முகம்தான். ஆனால் தனத்தைப் பார்க்காமல் தாண்டி நடந்தாள். என்னைத் தேடித்தான் வருகிறாள் என்று புரிந்ததும் அவசரமாக அழித்தேன். இனி அந்த வரியைத் தொடமாட்டேன்.

6.

தனம் அலை விளிம்பில் நிற்கிறாள். பின்னால் ஹாரன் விடாமல் அடிக்கிறது. “ஜெனீ!” என்று கத்துகிறாள். கடல் பக்கம் எதுவும் அசையவில்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு, உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

“இந்தாளு பயந்தாங்கொள்ளி, எழுதமாட்டாரு. நான் கூப்டா அவளுக்குக் கேக்கல. அவ நிக்கிற வரிய நீங்க பாத்தீங்க இல்ல? ஒரே ஒரு தபா, வாய் விட்டு, அவ பேரைச் சொல்லிக் கூப்டுங்களேன்…”