ஜாதிக்காய் பங்களாவுக்கு ஓர் ஆட்சேபனை

மழை வந்துவிட்டால் ஷாருலுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவன் பராமரிப்புப் பொறியாளர். பம்ப் ஓடும் சத்தம் லேசாக மாறினாலே காது நிமிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காதைக் கழற்றி வைக்க முடியவில்லை. ஜன்னலில் நாலு தூறல் விழுந்ததும் குடையை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கி, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் மலையைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவரைப் பார்க்கப் போய்விடுவான்.

"ஆஸ்பத்திரில படுத்திருக்கிற சொந்தக்காரரைப் பாக்கப் போற மாதிரியே போறீங்க," என்பாள் மனைவி அஃப்ரீன்.

சிரிக்கத்தான் சொல்வாள். ஆனால் சுவருக்கு உடம்பு சரியில்லை என்பது உண்மை. போன வருட மழைக்காலத்தில் ஒரு விரிசல் விழுந்தது. முதலில் தலைமுடி கனம். இப்போது சுண்டுவிரல் நுழையும். மலைத் தண்ணீர் வடியட்டும் என்று சுவரில் பதித்திருந்த குழாய்களில் பாதி அடைத்துப்போயின. மீதிக் குழாய்கள் கலங்கிய சேற்று நீரைக் கக்கின. தண்ணீரோடு மண்ணும் வருகிறதென்றால் சுவருக்குப் பின்னால் ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடியின் நிர்வாகக் குழுத் தலைவர் புவனேஸ்வரனிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டான். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "பாப்போம் தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த நிலையில்தான் அந்த அறிவிப்புப் பலகை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து திரும்பும்போது பார்த்தான். கெலுகோர் பகுதிக்குப் பின்னால், அவர்கள் கொண்டோவுக்கும் மேலே, மலைச்சரிவில் பழைய எஸ்டேட் ஒன்று இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார வியாபாரி ஜாதிக்காய் பயிரிட்டு, நடுவில் தூண்கள் வைத்த பங்களாவும் கட்டி வாழ்ந்த இடம். துரைமார் போய்ப் பல காலம் ஆகி, தோட்டம் காடாகி, காடு குரங்குகளுக்குச் சொந்தமாகிவிட்டது. அரசாங்க வரைபடத்தில் அந்தச் சரிவு முழுக்கப் பச்சை. பச்சை என்றால் கட்டடம் கூடாது. இப்போது ஒரு நிறுவனம் அந்தப் பச்சையைத் தளர்த்தக் கேட்டிருந்தது. பங்களாவைப் புதுப்பித்து ஹோட்டலாக்கி, அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுப்புவார்களாம். ஆட்சேபனை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம், கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வந்து பேசலாம் என்று பலகை சொன்னது.

கொண்டோவே கொதித்தது. எல்லோரும் சேர்ந்து கூட்டம் போட்டார்கள். பொறியாளன் என்பதால் ஷாருல்தான் பேச வேண்டும் என்று முடிவானது. கூட்டம் கலைந்ததும் புவனேஸ்வரன் அவன் தோளில் கைபோட்டு நீச்சல்குளப் பக்கம் அழைத்துப் போனார்.

"தம்பி, குரங்கைப் பத்திப் பேசு. மரத்தைப் பத்திப் பேசு. பங்களா எவ்வளவு பழசுன்னு பேசு. நம்ம சுவரைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்காதே."

"சுவர்தானண்ணே முக்கியம்? மேல மலையை வெட்டுனா தண்ணி நேரா நம்ம தலையிலதான் எறங்கும்."

"எனக்குத் தெரியாதா? நீ இதை மைக்ல சொன்னா மறுநாள் பேப்பர்ல வரும். அப்பறம் நம்ம வீட்டை எவன் வாங்குவான்? மொதல்ல மேல உள்ளவனை நிறுத்துவோம்லா. சுவரை நாமளே சத்தமில்லாமப் பாத்துக்கலாம்."

ஷாருல் தலையாட்டினான். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவனால் சாப்பாட்டு மேசையில் உட்கார முடியவில்லை. தட்டைக் கையில் ஏந்தியபடியே கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்தான்.

அந்த வார இறுதியில் கையெழுத்து வாங்கக் கீழே இறங்கினான். கொண்டோவுக்கு அடியில் ஒரு வரிசைத் தரைவீடுகள். கோடி வீட்டில் அமலம்மாள் இருந்தார். பொது மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவுக்கே அவர் 'மிஸ்ஸி'. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே விசாரித்தார்.

"எந்த வீடு நீங்க?"

"மேல உள்ள கொண்டோதான் மிஸ்ஸி. ஏ பிளாக்."

"ஓ. என் கொல்லைப்புறத்து வானத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிதே, அதுவா?"

ஷாருல் அசடு வழியச் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"அதைக் கட்டுறப்ப நான் ஆட்சேபனை எழுதுனேன், தெரியுமா? ஒத்த ஆளா டேவான் மண்டபத்துல போய் நின்னு பேசுனேன். எழுதிக்கிட்டாங்க, டீ குடுத்தாங்க, கட்டிட்டாங்க. கட்டி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ சேறு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு. எங்க பிரிட்ஜ் கூடத்துல மெதந்துச்சு. இப்ப நீங்க கையெழுத்துக் கேட்டு வர்றீங்க."

வாசலுக்கு அவர் கணவர் இராயப்பன் வந்தார். காது மந்தம். யாரோ விருந்தாளி என்று நினைத்துவிட்டார். "உள்ள வாங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போலாம்," என்று கேட்டைத் திறக்க வந்தார்.

"வேணாம், அவர் கெளம்பிட்டாரு," என்றார் அமலம்மாள்.

வெறும் தாளோடு மேடேறினான். நடந்ததைச் சொன்னதும் அஃப்ரீன் அந்த வெறும் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "நாம வீடு வாங்கறப்ப இங்க முன்னால என்ன இருந்துச்சுன்னு யாருகிட்டயாவது கேட்டோமா?" என்றாள்.

"நீ கேட்டியா?"

"நானுந்தான் கேக்கல. அதான் சொல்றேன்."

கூட்ட நாளன்று ஷாருல் விடுப்பு எடுத்துக்கொண்டான். மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் தலைமை அதிகாரியான ஓர் அம்மையாரும் வேறு சிலரும். இடப்பக்கம் நிறுவனத்துக்காரர்கள், வலப்பக்கம் ஆட்சேபிப்பவர்கள். முன்வரிசையில் புவனேஸ்வரன் கைகளைக் கட்டியபடி அமர்ந்திருந்தார். பேச்செல்லாம் மலாயில்தான் நடந்தது.

தன் முறை வந்ததும் ஷாருல் எழுந்து சொல்லிக்கொடுத்தபடியே பேசினான். குரங்குகள், மரங்கள், நூறு வருடத்துக்கு மேற்பட்ட பங்களா. தன் குரல் தனக்கே பள்ளிப் பேச்சுப் போட்டியைப் போலக் கேட்டது. முடித்ததும் நிறுவனத்தின் திட்ட ஆலோசகர் மிகவும் மரியாதையாக எழுந்தார்.

"ஐயா எங்கே குடியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாமா?"

சொன்னான். ஆலோசகர் தலையசைத்தார். திரையில் ஒரு பழைய வரைபடம் வந்தது. ஜாதிக்காய்த் தோட்டத்தின் எல்லை அதில் இப்போதையதைவிட வெகு கீழே இறங்கியிருந்தது. அதற்குள்ளே, பச்சை நிறத்தின் நடுவே, ஒரு சிவப்புக் கட்டம்.

"ஐயா குடியிருக்கும் கட்டடம் இதுதான். இதே எஸ்டேட், இதே பச்சை. இவருக்குத் தளர்த்தலாம், மற்றவர்களுக்குத் தளர்த்தக் கூடாது என்கிறாரா?"

இடப்பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. வலப்பக்கத்திலும் யாரோ சிரித்தார்கள். ஷாருல் மைக்கைப் பிடித்தபடி நின்றான். காது இரண்டும் எரிந்தன. உட்கார்ந்துவிட்டான்.

அப்போது பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பினால் அமலம்மாள். பக்கத்தில் இராயப்பன், மடியில் குடையோடு.

அமலம்மாள் மைக் வாங்கிக்கொண்டு முதலில் தன் வீட்டுச் சேற்றுக் கதையைத்தான் சொன்னார். பிரிட்ஜ் மிதந்ததைச் சொன்னார். மதில் இடிந்ததையும், அதற்கு யாரும் ஒரு காசு கொடுக்காததையும் சொன்னார். "அம்மா, இன்றைய விஷயத்துக்கு வாருங்கள்," என்றார் தலைமை அதிகாரி.

"வருகிறேன். அந்தச் சிவப்புக் கட்டத்தை எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. இந்த ஆளையும் எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் குடையோடு வந்து அந்தச் சுவர் முன்னால் நிற்கிறார். கட்டடத்தின் ஓர இடைவெளி வழியாக என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். முதலில் திருடன் என்று நினைத்தேன். திருடன் சுவரைத் தடவித் தடவியா பார்ப்பான்? அங்கே என்ன பார்க்கிறார் என்று இவரையே கேளுங்கள். குரங்கைப் பற்றிப் பேசுகிற முகமா அது?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மண்டபம் ஷாருல் பக்கம் திரும்பியது.

"சுவரில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார் தலைமை அதிகாரி.

புவனேஸ்வரன் திரும்பவே இல்லை. அவர் கழுத்து மட்டும் விறைத்தது தெரிந்தது. ஷாருலுக்குப் பின்னால் அவன் கட்டடத்துக்காரர்கள் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள். அவனும் அப்படித்தான். இல்லை என்று சொன்னால் கூட்டம் அப்படியே அடுத்த ஆளுக்குப் போய்விடும். எழுந்தான். மைக்கை வாங்கினான்.

"விரிசல் இருக்கிறது. பெரிதாகிக்கொண்டே வருகிறது. குழாயில் மண் வருகிறது. மேலே இப்போது மரங்கள் இருக்கும்போதே இப்படி. அந்த மரங்களை எடுத்தால் எங்கள் சுவர் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கட்டடம் அங்கே வந்திருக்கவே கூடாது என்று நீங்கள் சொன்னால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை. வந்துவிட்டோம். உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள்."

யாரும் கை தட்டவில்லை. அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். ஆலோசகர் திரையை அணைத்தார்.

வெளியே வந்ததும் புவனேஸ்வரன் அவனை மடக்கினார். "திருப்தியா? நான் என்னா சொன்னேன், நீ என்னா செஞ்ச? பொண்ணு கல்யாணத்துக்கு இந்த வீட்டை விக்கலாம்னு இருந்தேன்யா." கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. ஷாருலால் கோபத்தைத் தாங்கியிருக்க முடியும். இதைத் தாங்க முடியவில்லை.

அமலம்மாளைத் தேடினான். இராயப்பனைக் கைபிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நன்றி சொல்லப் போனவனிடம், "எனக்கு எதுக்கு நன்றி? மேல உள்ளது விழுந்தா ஒங்க மேல விழும். நீங்க விழுந்தா யார் மேல விழுவீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

விஷயம் மளமளவென்று நகர்ந்தது. மலையின் உறுதி பற்றி முழு ஆய்வு வரும்வரை முடிவு ஒத்திவைக்கப்பட்டது. பொறியாளர்கள் வந்து சுவரைப் பார்த்தார்கள். உடனே பழுதுபார்க்க வேண்டும், செலவு குடியிருப்பாளர்களுடையது என்று உத்தரவு வந்தது. வீட்டுக்கு இத்தனை ஆயிரம் வெள்ளி கட்ட வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து லிஃப்டில் ஷாருல் ஏறினால் பேச்சு நின்றுவிடும். பெருநாளுக்குப் பலகாரம் அனுப்பும் எதிர்வீட்டார் அந்த வருடம் அனுப்பவில்லை. நாலு தட்டுப் பலகாரத்தை அஃப்ரீனே சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. ஒன்று திரும்பவே இல்லை.

சுவர் வேலை தொடங்கியதும் கீழேயிருந்து அமலம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்தார். லாரி மண் கொட்டுகிறது, லோங்காங் வடிகால் அடைத்துத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது, என்ன மனிதர்கள் நீங்கள். ஷாருல் வேலை முடிந்து வரும் வழியில் ஒப்பந்தக்காரரின் ஆளோடு போய் நின்று அதைச் சுத்தம் செய்ய வைப்பான். ஒருநாள் இராயப்பன் தேத்தண்ணிக் கோப்பையோடு கேட்டைத் திறந்தார். இந்த முறை அமலம்மாள் தடுக்கவில்லை. "சீனி கம்மியா போட்டிருக்கேன், ஒங்க வயசுக்கு அது போதும்," என்றார்.

மாதங்கள் கழித்து முடிவு வந்தது. பங்களாவைச் சிறிய ஹோட்டலாக்கலாம், மரங்களைத் தொடக்கூடாது, கோபுரங்களுக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை. குடியிருப்பாளர்கள் கீழ்த்தளத்தில் கேக் வெட்டினார்கள். புவனேஸ்வரன் நன்றியுரை ஆற்றினார். அதில் ஷாருலின் பெயர் வரவில்லை. ஷாருல் அதைவிட 'இப்போதைக்கு' என்ற சொல்லைத்தான் மென்றுகொண்டிருந்தான். சுவர் புதிதாக நின்றது. ஆனாலும் தூறல் விழுந்தால் அவன் கால்கள் லிஃப்டைத் தேடின.

"போதும்ங்க," என்றாள் அஃப்ரீன் ஒருநாள். "நீங்க இந்த வீட்டுல ஒழுங்கா ஒக்காந்து எத்தன நாளாச்சு? வித்துருவோம். பாயான் பாரு பக்கம் தரைவீடு ஏதாச்சும் பாப்போம். அங்க மலையே இல்ல."

அவன் ஒத்துக்கொண்டான். இணையத்தில் போட்ட முதல் வாரத்திலேயே ஓர் இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். கணவனுக்குத் தொழிற்சாலையில் வேலை, மனைவிக்குப் பல்கலைக்கழகத்தில். ஜன்னலைத் திறந்ததும் அந்தப் பெண் வாயடைத்து நின்றாள். எதிரே மலை, ஜாதிக்காய் மரங்கள், இலைகளுக்கு நடுவே பங்களாவின் ஓட்டுக்கூரை.

"இந்தப் பக்கம் எதுவும் கட்ட மாட்டாங்கதானே அண்ணே?" என்று கேட்டான் கணவன்.

அஃப்ரீன் ஷாருலைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். விரிசல், சேறு, சுவர் வேலை, கோபுரம், அந்த 'இப்போதைக்கு'. சுவர் வேலை முடிந்ததற்கான சான்றிதழையும் காட்டினான். சொல்லி முடித்தபோது அவர்கள் செருப்பைத் தேடுவார்கள் என்றுதான் நினைத்தான்.

இளைஞன் தாடையைச் சொறிந்துகொண்டே யோசித்தான். "அப்போ வெலையில கொஞ்சம் கொறைப்பீங்களாண்ணே?"

ஷாருல் சான்றிதழை மடித்து வைத்தான். "மொதல்ல கீழ வாங்க. அந்தச் சுவரை ஒரு தடவ நேர்ல பாருங்க. பாத்துட்டு அப்பறம் பேசலாம்," என்று கதவுப் பக்கம் நடந்தான்.

யாரும் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் ஜன்னலோரத்தில் கைகளை அகல விரித்து, சோபாவை இங்கே போட்டால் சரியாக இருக்குமா என்று கணவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.