சைபர் எடுத்த நாள்

எந்த நோய் வருத்தமும் எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் வருகிறது என்பது என் கணவர் பிரியந்தனின் அசைக்க முடியாத நம்பிக்கை. போன வருடம் என் வலக்கண் மங்கி, காலும் மரத்து, அது மல்டிபிள் ஸ்களரோஸிஸ் என்ற நரம்பு நோய் என்று தெரிந்ததிலிருந்து வெள்ளவத்தைச் சந்தையில் அவர் வாங்காத கீரை இல்லை. காலையில் வல்லாரைச் சம்பல், மாலையில் ஆட்டுக்கால் சூப். ஆஸ்பத்திரியில் மருந்தும் ஏற்றினார்கள். பார்வை திரும்பிவிட்டது, மரத்த காலும் சரியாகிவிட்டது. ஆனால் என் ஸ்கூட்டி சாவி அவர் பொக்கெட்டிலேயே இருந்தது. அடுத்த ஸ்கானில் மூளையில் புதுப் புள்ளி இல்லையென்றால்தான் வண்டி ஓட்டலாம் என்று டொக்டர் ஹமீமா சொல்லியிருந்தார். அந்த ஸ்கூட்டி என்றால் எனக்கு உயிர்.

ஸ்கான் முடிவு கேட்கப் பொரளை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவில், கைபேசிக்கு வந்த இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்த பிரியந்தன் பேயறைந்தவர் போலானார்.

"என்னப்பா?"

"பி செல் எண்டு எதிர்ப்பு சக்திச் செல் ஒண்டு... சைபராம்."

மனுசன் கணக்கு மாஸ்டர். அவருக்குச் சைபர் என்றால் பெயில்தான். ஸ்கூட்டி போச்சு, இனிக் கண்ணும் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குத்தானே மருந்து ஏத்துறோம்!"

"எதிர்ப்பு சக்தி இல்லாமல் எப்பிடி டொக்டர்?"

"இந்த வருத்தத்தில அது குறையிறதில்ல மாஸ்டர், வழிமாறிப் போகுது. கிருமியோட சண்டை பிடிக்க வேண்டிய டி செல்லுகள் மூளைக்குள்ள வந்து நரம்பின்ட மேலுறையைத் தாக்குது. அதுகளுக்குக் கோள் மூட்டுறது இந்த பி செல்லுகள். கோள்காரரை வெளியேத்திட்டோம். மற்ற செல்லுகள் இருக்கு. காய்ச்சல்காரர்கிட்ட மட்டும் கவனமா இருங்க. ஸ்கானிலயும் புதுப் புள்ளி ஒண்டும் இல்ல."

"அப்ப என்ர சூப்?"

"ருசியா இருந்தாக் குடிங்க."

வெளியே வந்ததும் அவர் தன் அப்பாவுக்கு அழைப்பு எடுத்தார். "அப்பா! நிருஷாவுக்குச் சைபர்!" என்று வராந்தா அதிரக் கத்தினார். அந்தப் பக்கம் நாகேந்திரம் மாமா அழத் தொடங்கிவிட்டார். நான் போனைப் பறித்தேன்.

"மாமா, அழாதேங்கோ! இந்தச் சைபர் நல்லது. நான் பாஸ்!"

வீட்டுக்கு வந்ததும் பிரியந்தன் சாவியை எடுத்தார். ஆனால் நீட்டவில்லை.

"எனக்குப் பயமாக் கிடக்கு, நிருஷா."

"எனக்கும்தான்" என்று சாவியை வாங்கினேன். "பின்னால ஏறுங்கோ."

மெரின் டிரைவில் கடற்காற்று முகத்தில் அடித்தது. மனுசன் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "மெல்ல, மெல்ல" என்று மந்திரம் சொன்னார். திடீரென்று மந்திரத்தை நிறுத்தி, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"அழுறீரே?"

"ஓம். சந்தோஷத்தில" என்று சொல்லிக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.