உலையில் விழுந்த அரிசி

தேவாலயத்துப் பொது விருந்தான அசனப் பந்தியில் நல்லதம்பி முதல் கவளம் எடுக்காமல் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. குற்றாலம் போகிற சாலையோரத்து அந்தச் சபைக்கு இடம் கொடுத்து, இந்தப் பந்தியையும் தொடங்கிவைத்தவர் அவருடைய தாத்தா. அன்றிலிருந்து முதல் இலை அந்தக் குடும்பத்துக்கு. சபையார் வீட்டுக்கு வீடு கொண்டுவரும் அரிசியை ஒரே உலையில் போட்டு வடித்து, பாய்களில் குவித்து, போதகர் ஐயர் ஜெபித்ததும் நானூறு பேரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்போஸ்தலர் காலத்து விசுவாசிகள் ஒன்றுகூடிச் சாப்பிட்டதற்கு இதுவே சாட்சி என்று நல்லதம்பி கமிட்டிக் கூட்டங்களில் நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம் இலைமுன் உட்கார்ந்ததும் அவர் தம்பி பெலிக்ஸைக் கைகாட்டி அழைத்தார்.

“காலையில ரூபி கொண்டாந்த அரிசியத் தனியா வைக்கச் சொன்னம்லா? அத அவ கையிலயே திருப்பிக் கொடு. பந்தி ஆரம்பிக்கதுக்குள்ள போயிரணும்.”

பெலிக்ஸ் குழம்பு வாளியைக் கீழே வைத்தான். “அது உலையில விழுந்தாச்சுண்ணே.”

“எந்த உலையில?”

“இங்கன இருக்கது ஒரே உலைதான. நாந்தான் கொட்டுனேன்.”

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு நல்லதம்பியின் தங்கை ரூபி, வேறு சாதிக்காரரான ஞானமுத்துவைக் கட்டிக்கொண்டு ஆய்க்குடிக்குப் போனாள். அடுத்த மாதம் அப்பா சாகக் கிடந்தபோது நல்லதம்பி ஒரு வார்த்தை கொடுத்தார்: அவள் வீட்டுச் சோறு என் தொண்டையில் இறங்காது. சபையில் அதை அறியாதவர் இல்லை. இப்போது பாயில் கிடக்கும் அந்தக் குவியலில் எது அவள் அரிசி, எது தன் வயலில் விளைந்தது?

“வேணும்னே செஞ்சியாலே?”

“ஆமா. சபைக்கு வந்த காணிக்கைய மறிக்க நாம யாரு? அந்தியோகியாவுல புறஜாதியாரோட சாப்பிட்ட பந்திய விட்டு பேதுரு விலகுனப்போ பவுல் நேருக்கு நேரா கேட்டாரா இல்லையா? நீங்க எழும்பிப் போனா நானும் கேப்பேன்.”

“பெரிய பவுலு! தாடி ஒண்ணுதான் குறச்சல்.”

ஐயர் ஆமென் சொல்லிவிட்டார். இலைகளில் சோறு ஆவி பறந்தது. சோற்றை எடுக்கப் போன ஒரு பிள்ளையின் கையைத் தாய் தட்டிவிட்டாள். பின்வரிசையில் கிசுகிசுப்பு எழுந்து அடங்கியது. கடைசித் தூணோரம் ரூபி உட்காராமல் நின்றிருந்தாள்.

எழுந்து போனால், தாத்தா தொடங்கிவைத்த பந்தியை உதறிய பேர் தனக்கு வரும். சாப்பிட்டால், அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தை போகும். சாரல் காற்றிலும் அவர் கழுத்து வேர்த்தது.

நல்லதம்பி எழுந்தார்.

“அண்ணே!” பெலிக்ஸ் குறுக்கே வந்தான். அவனை ஒதுக்கிவிட்டு, இலைகளுக்கு நடுவே நடந்து தூணருகே போய் நின்றார்.

“ஏட்டி, ஏன் நிக்க?”

“எனக்காவ நீங்க எழும்ப வேண்டாம்ணே. நான் போயிருதேன்.”

“நம்ம வீட்டுப் பொம்பள பந்தியில நின்னுக்கிட்டிருந்தா எனக்குத்தான் அசிங்கம். உக்காரு.”

“அவுக வெளிய கேட்டுப் பக்கத்துல நிக்காக,” என்றாள் ரூபி. பார்வை தாழவில்லை. “அவுக இல்லாம உக்காரமாட்டேன்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதரை இத்தனை வருஷத்தில் பேர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. பெலிக்ஸை அனுப்பலாம். ஆனால் வீட்டு மருமகனை விருந்துக்கு மூத்தவன்தான் நேரில் போய் அழைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ஒன்றை அரைகுறையாகச் செய்ய நல்லதம்பிக்குத் தெரியாது.

துண்டைச் சரிசெய்துகொண்டு சாரலில் இறங்கினார். கேட்டருகே நனைந்து நின்ற ஞானமுத்து, அடிக்கத்தான் வருகிறார் என்று ஓரடி பின்வாங்கினார்.

“மாப்பிள்ள.” நானூறு பேருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார். “மாப்பிள்ள, சாப்பிட வாங்க. பந்தி காத்துக் கெடக்கு.”

ஞானமுத்து செருப்பைக் கழற்றினார்.

முதல் வரிசையில் நெருக்கி உட்கார்ந்து இரண்டு இலைக்கு இடம் விட்டார்கள். சோறு ஆறியிருந்தது. நல்லதம்பி குழம்பைப் பிசைந்து ஒரு கவளம் விழுங்கினார். பிறகுதான் மற்றக் கைகள் இலையில் இறங்கின. பரலோகத்தில் அப்பாவுக்கு அவர் என்றாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிக்கொள்ளலாம்.