விலைச்சீட்டு ஒட்டிய சட்டி

"காக்கா, பேசாம ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. பில்லக் குடுத்தோமா, படம் எடுத்தோமா, கலாஸ்" என்றான் நுஃமான். துபாய் அல் குசைஸ் அறையில் செய்கு முகம்மதுவுக்கு அடுத்த கட்டில் அவனுடையது. காக்கா என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன்.

செய்கு முகம்மது ஆட்டுக்கறியைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிரேசிலிலிருந்து வந்திருக்கும் லூர்தம்மாவை ஹோட்டலில் உட்காரவைத்துச் சோறு போடுவதா? நல்ல கதையாக இருக்கிறதே! ஆனால் அறைக்குக் கூட்டிவரவும் வழியில்லை. அது பேச்சிலர்கள் மட்டும் குடியிருக்கும் கட்டடம். பெண்கள் யார் வந்தாலும் வாட்ச்மேன் கோபாலசாமி வாசலிலேயே மறித்துவிடுவார். காலையில்கூடக் கேட்டுப் பார்த்தாயிற்று. "உங்க கூடப்பொறந்த அக்காவே வந்தாலும் கீழயே பேசி அனுப்பிருங்க பாய். என் வேலைக்கு ஒல வச்சிராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார் மனுஷன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

காயல்பட்டினத்துக்காரரான செய்கு முகம்மதுவுக்குத் தேராவில் ஒரு ரத்தினக்கல் வியாபாரியிடம் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்பு முதலாளி அவரைக் கல் பார்த்துவர பிரேசிலுக்கு அனுப்பினார். மினாஸ் ஜெராயிஸ் என்ற மாநிலத்தில் மலைப்பக்கத்துச் சின்ன ஊர். போய்ச் சேருவதற்குள் பல பஸ் மாற வேண்டும். இவருக்கோ அந்த ஊர்ப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்த ஜனங்களைச் சொல்ல வேண்டும்! ஒரு டிரைவர் இறங்கி வந்து அடுத்த பஸ் டிரைவரிடம் இவரைக் கையைப் பிடித்து ஒப்படைத்தார். பக்கத்து இருக்கைக் கிழவர் தன் ஊர் வந்தும் இறங்காமல், இவர் இறங்க வேண்டிய இடம்வரை கூடவே வந்தார். இப்படி ஊர் ஊராகக் கைமாறித்தான் அவர் கல் விற்கும் ஒஸ்வால்டோவின் வீட்டில் போய் விழுந்தார். அங்கே லாட்ஜ் கிடையாது. ஒஸ்வால்டோவின் தாயார் லூர்து அவனுடைய அறையையே இவருக்கு ஒழித்துக்கொடுத்தார்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. அந்த வீட்டில் எல்லாவற்றிலும் பன்றிக்கறி. அவரைவிதைக் குழம்பில்கூட ஒரு துண்டு கிடந்தது. செய்கு முகம்மது வயிறு சரியில்லை என்று கையை வயிற்றில் வைத்துக் காட்டி, வாழைப்பழமும் ரொட்டியுமாகத் தள்ளினார். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் இவரைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். அங்கே புதுக் கத்தி, விலைச்சீட்டு கிழிக்காத புது அலுமினியச் சட்டி, அவர் கக்கத்தில் ஓர் உயிர்க்கோழி. யாரிடம் விசாரித்தாரோ! கத்தியை இவர் கையில் கொடுத்து, 'நீயே உன் முறைப்படி அறு' என்று ஜாடை காட்டினார்.

இதில் ஒரு கூத்து. செய்கு முகம்மது ஜென்மத்தில் ஒரு கோழியை அறுத்ததில்லை. ஊரில் கறிக்கடை இருக்க அவருக்கு என்ன வந்தது? மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிஸ்மில்லாச் சொல்லி அறுத்தார். லூர்தம்மா கோழியின் காலைப் பிடித்துக்கொண்டு, தன் பங்குக்குச் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பும் நாள்வரை அந்தச் சட்டியில் இவருக்கு மட்டும் தனிச் சமையல் நடந்தது. பெற்ற தாய்கூட அவருக்கென்று தனிச் சட்டி வைத்ததில்லை.

இப்போது துபாயிலிருந்து பிரேசிலுக்கு நேர் விமானம் விட்டுவிட்டார்கள். ஒஸ்வால்டோவே கல்லைக் கொண்டு வருகிறான். இனி இவரை அனுப்ப முதலாளிக்கு என்ன தலையெழுத்தா? அவனோடு அம்மாவும் வந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் இங்கே இருப்பார். அன்றைக்கு அவருக்குத் தன் கையால் சோறு போடாவிட்டால் இந்த ஆயுசில் இல்லை என்று செய்கு முகம்மதுவுக்குத் தெரியும்.

"மம்சார் பார்க்குக்குப் போயிருவோம்" என்றார் கடைசியில். "கடலப் பாத்து பாய விரிச்சா அதுதான் நம்ம வீடு."

நுஃமான் சிரித்தான். "கரண்ட் பில்லும் இல்ல."

ஜும்ஆத் தொழுகை முடிந்து நெய்ச்சோறும் ஊர் விருந்துக் களறிக்கறியும் கத்தரிக்காய் மாங்காயும் டாக்ஸியில் ஏறின. வேப்பமர நிழலில் பாய் விரித்து இரண்டு சஹன் வைத்தார்கள். ஊரில் விருந்தென்றால் ஒரே தட்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உண்பது. அந்தத் தட்டுத்தான் சஹன். ஆனால் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. அதனால் தாய்க்கும் மகனுக்கும் ஒன்று, தனக்கும் நுஃமானுக்கும் ஒன்று என்று ஏற்பாடு.

லூர்தம்மா வந்தார். முன்னைவிட முடி நரைத்திருந்தது. வந்ததும் பையிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்து அவிழ்த்தார். அதே சட்டி! விலைச்சீட்டு மங்கிப்போய் அப்படியே ஒட்டியிருந்தது. உள்ளே பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட குட்டி ரொட்டிகள். ஒஸ்வால்டோ தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினான்: "வேற பாத்திரத்துல கொண்டுவந்தா நீங்க சந்தேகப்படுவீங்களாம். இதுல உங்க சாப்பாட்டத் தவிர எதுவும் சமைக்கலயாம். என்னையே தொட விடல."

செய்கு முகம்மது ஒரு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அழுகை வந்துவிட்டது, வேறென்ன.

சாப்பிட உட்காரும்போது லூர்தம்மா இரண்டு சஹனையும் பார்த்தார். மகனிடம் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து வந்து நுஃமானை மகன் பக்கம் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, செய்கு முகம்மதுவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க தள்ளி உக்காந்தா, சாப்பிடுறீங்களா ஏமாத்துறீங்களான்னு எப்படித் தெரியும்னு கேக்குறாங்க" என்றான் ஒஸ்வால்டோ.

நுஃமான் தொண்டையைச் செருமினான். "காக்கா, ஊர்ல தெரிஞ்சா..."

"தெரியட்டும். நீ உன் சோத்தப் பாரு."

சஹனில் சாப்பிடுவதற்கு ஒரு மரியாதை உண்டு. நல்ல துண்டை நாம் எடுப்பதில்லை. எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். செய்கு முகம்மது ஒரு நல்ல கறித்துண்டை லூர்தம்மாவின் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மாள் ஒரு கணம் பார்த்தார். அதை இவர் பக்கமே திருப்பித் தள்ளினார். யார் சொல்லிக்கொடுத்தது? இவர் மறுபடி நகர்த்த, அவர் மறுபடி தள்ள, ஒஸ்வால்டோ சிரித்துக்கொண்டே படம் எடுத்தான்.

சாப்பிட்டு முடித்து லூர்தம்மா பூங்காக் குழாயடிக்குப் போய்ச் சட்டியைக் கழுவினார். சீட்டு நனைந்துவிடாமல் அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு கழுவினார்.

"சட்டி இங்கேயே இருக்கட்டும்னு சொல்லு, ஒஸ்வால்டோ. ஞாபகமா வச்சுக்கறேன்" என்றார் செய்கு முகம்மது.

மகன் சொன்னான். லூர்தம்மா தலையை ஆட்டி மறுத்து வேகமாக ஏதோ சொன்னார், ஒரு பைத்தியக்காரனிடம் பேசுவதுபோல.

"இங்க வச்சிட்டுப் போனா, அடுத்த தடவ நீங்க வரும்போது எதுல சமைக்கிறதுன்னு கேக்குறாங்க."

இனி வரப்போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தார் செய்கு முகம்மது. அதற்குள் அந்த அம்மாள் சட்டியைத் தன் முந்தானை இல்லாத கவுனின் மடியில் வைத்துத் துடைக்க ஆரம்பித்திருந்தார். அடி, விளிம்பு, மூடி எல்லாம் ஈரம் போகத் துடைத்துத் துணியில் சுற்றி, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பைக்குள் வைத்தார்.