தண்ணீர் வரிசையில் ஒரு பட்டை

மிசோகுச்சி அண்ணன் சுத்தியலால் குளிர்பெட்டியின் பனியை உடைத்துக்கொண்டிருந்தார். கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், ஐந்தாம் மாடியைக் காலி செய்ய உதவுங்கள் என்று ஆய்வகத்தின் பழைய மாணவர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பியிருந்தார்கள். வந்தது எனக்கு மூத்த மாணவரான அண்ணனும் நானும்தான். அண்ணனுக்குத் தலை முழுக்க வழுக்கை, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

“பாத்தியா சிஹோ, இந்தத் திமிங்கிலத் துண்டெல்லாம் நம்மள விட நல்லா இருக்கு. நானும் இதுக்குள்ளயே படுத்திருந்தா முடியாவது மிஞ்சியிருக்கும்.”

சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே யோகோஹாமாவின் குன்றுகள், ஒன்றின்மேல் ஒன்றாக வீடுகள். அந்த ஜன்னலோரம்தான் எங்கள் தேநீர் மேசை இருந்தது. என் வாழ்க்கையில் நான் நன்றாக வாழ்ந்த இடம் எது என்று கேட்டால், வெட்கமில்லாமல் அந்த மேசையைத்தான் சொல்வேன்.

அப்போது நாங்கள் தேடிக்கொண்டிருந்தது திமிங்கிலத்தின் சொந்தக்காரர்களை. உயிர்களின் டிஎன்ஏவுக்குள் சில துணுக்குகள் தங்களைத் தாங்களே நகலெடுத்து, எங்காவது ஓரிடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். செருகியது பெரும்பாலும் போகாது, பிள்ளை பேரப்பிள்ளை என்று தொடரும். இரண்டு பேர் விடைத்தாளில் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால் வாத்தியார் என்ன நினைப்பார்? ஒரே தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதானே. அதேபோல, திமிங்கிலத்தில் இருக்கும் செருகல் அதே இடத்தில் நீர்யானையிலும் இருந்தால், இரண்டுக்கும் பாட்டன் ஒருவன். அதைக் காட்டுவதுதான் என் முனைவர் பட்ட வேலை. காட்டாவிட்டால் பட்டம் இல்லை, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒவ்வொரு மிருகத்தின் டிஎன்ஏவையும் குழாயில் பெருக்கி, ஒரு கூழ்த்தகட்டில் தனித்தனி வரிசையாக ஓடவிடுவோம், கிடைப்பது ஒளிரும் கோடாக, பட்டையாகத் தெரியும். ஒரு ஜூலை மாதம் நீர்யானை வரிசையில் பட்டை வந்தது. புற ஊதா விளக்கின் கீழ், செருகல் இருந்தால் நிற்கவேண்டிய உயரத்தில், பளிச்சென்று. நான் குதித்தேவிட்டேன். அண்ணன் மட்டும் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெறும் தண்ணீர். எந்த மிருகத்தின் டிஎன்ஏவும் போடாத, ஒன்றுமே தெரியக்கூடாத வரிசை. அதிலும் மங்கலாக ஒரு பட்டை, அதே உயரத்தில்.

“தண்ணிக்கும் திமிங்கிலத்துக்கும் சொந்தம்னு எழுதிடலாமா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. எங்கிருந்தோ திமிங்கிலம் எல்லாக் குழாய்க்குள்ளும் புகுந்திருக்கிறது. அப்படியானால் நீர்யானையின் பட்டையும் பொய்யாக இருக்கலாம்.

“போன வாரம் வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்துச்சு. புதுசா என்ன வந்துச்சு இங்க?” என்றார் அண்ணன்.

எல்லோரும் தேநீர் மேசையைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே என் அப்பா அனுப்பிய தகர டப்பா திறந்திருந்தது.

அப்பா வளைகுடாவுக்கு அக்கரையில், வாடா என்னும் துறைமுகத்தில் திமிங்கிலம் அறுப்பவர். கோடை வந்தால், பறவை அலகுபோல் மூக்கு நீண்ட அலகுத் திமிங்கிலத்தின் இறைச்சியைச் சோயாவில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பார். ஊரிலிருந்து ஒன்று வந்தால் ஆய்வகம் முழுக்கப் பங்குபோட்டுத் தின்பது எங்கள் வழக்கம், தின்னாமலிருப்பது மரியாதையில்லை. பேராசிரியர் ஹதனாகாகூடக் கேட்டு வாங்கித் தின்றார். விரலை நக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போயிருக்கிறோம்.

இனி ஐந்தாம் மாடிக்குள் திமிங்கிலத் தின்பண்டம் கூடாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது, அவரே படகேறி வளைகுடாவைக் கடந்து வந்து நின்றார். கையில் இன்னொரு டப்பா.

“என்னம்மா, மூஞ்சி வாடிக் கெடக்கு?”

தண்ணீர் வரிசை உட்பட எல்லாவற்றையும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முழுக்கக் கேட்டார். “அப்போ உன் படிப்பக் கெடுத்தது நாந்தானா?”

“அப்படியில்லப்பா.”

டப்பாவைத் தரையில் வைத்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவு வழியாக நான் உட்காரும் இடத்தைப் பார்த்தார். உள்ளே வாங்க என்று எவ்வளவோ கூப்பிட்டும் வரவில்லை.

அண்ணன்தான் டப்பாவை எடுத்தார். “ஐயா, எங்களுக்கு அலகுத் திமிங்கிலத்தோட மாதிரித் துண்டு இன்னும் வந்து சேரல. இத நாங்க தின்னமாட்டோம், பரிசோதிக்கறோம். சரியா?” அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லா மருந்தையும் கொட்டிவிட்டு, மேசைகளைக் கழுவி, முதலிலிருந்து செய்தோம். அப்பாவின் இறைச்சியைக் கீழ்மாடியில் தனியாக வைத்துக் கரைத்தார் அண்ணன். இலையுதிர்காலத்தில் முடிவு வந்தது, நீர்யானையின் பட்டை மெய்தான். ஊருக்குத் தொலைபேசினேன். அப்பா நீர்யானையைப் பற்றிக் கேட்கவேயில்லை.

“தண்ணி? தண்ணியில ஒண்ணும் இல்லியே?”

“இல்லப்பா. ஒரே இருட்டு.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

புத்தாண்டுக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். நீர்யானையின் பட்டைக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அவருடைய திமிங்கிலம். படத்தை நீட்டினேன். “நீயே புடிச்சுக்க,” என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். வெறும் படம்ப்பா, தொடலாம் என்றேன். கடைசிவரை தொடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அப்பா போய் வருஷங்களாகிவிட்டன.

“அடேயப்பா!” அண்ணன் பனிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குழாயைப் பிடுங்கினார். சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே நகக்கண் அளவு கரும்பழுப்புத் துண்டு. மூடியில் அவர் கையெழுத்து: சிஹோ அப்பா, தின்னக் கூடாது.

“பதிவுல இல்லாதத எல்லாம் எரிச்சிடுவாங்க. இந்தா, எடுத்துட்டுப் போ.”

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கையை நீட்டியபடியே நின்றார்.

“என்ன சிஹோ? புடி.”

அப்போதுதான் கவனித்தேன், என் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.