பின்னால் போன கௌபாய்

மாமா ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலை முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அகலத் தொப்பியும் நீள பூட்ஸும் மாட்டிக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வருவார். ஆங்கிலப் படங்களில் குதிரையேறி வருகிற மாதிரி கௌபாய் ஆகப் போகிறாராம். இந்த வயசில் இது என்ன கிறுக்கு என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். கிடங்கில் அவருக்கு ‘ஷெரிஃப்’ என்றே பெயர். இத்தனைக்கும் மனிதர் ஒரு குதிரையைத் தொட்டதுகூடக் கிடையாது.

திரைப்படக் கல்லூரியில் படிக்கும் அவருடைய அக்கா மகள், குறும்படத்துக்குக் கதை தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கதை எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கடைசிக் காட்சிக்கு வாடகைக் குதிரை வந்தது. மாமா எப்படியோ ஏறிவிட்டார். அங்கேதான் பழக்கம் காலை வாரியது. ஃபோர்க்லிஃப்டில் பெரிய சுமையைத் தூக்கினால் முன்னால் ஒன்றும் தெரியாது, வண்டியைப் பின்பக்கமாகத்தான் ஓட்டவேண்டும். மாமாவும் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபடி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். குதிரை பாவம், சொன்னதைக் கேட்டது. தெருமுனை வரை பின்னாலேயே நடந்தது.

இறங்கியபோது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“நடுங்கிட்டேன் பாப்பா, அது அப்படியே தெரியும். வெட்டிடு. எங்க ஆளுங்க பார்த்தா கிடங்குல நான் தலைகாட்ட முடியாது.”

சரி என்று தலையாட்டினாள். எடிட்டிங் அறையில் அவர் முகத்தைப் பெரிதாகப் பார்த்ததும் வெட்டக் கை வரவில்லை. அதை அவரிடம் சொல்ல வாயும் வரவில்லை. வீடே எதிர்த்து நின்றபோது அவளை இந்தப் படிப்பில் சேர்த்துவிட்டவர் மாமா ஒருவர்தான். அவர் முகம் கொடுத்துப் பேசாமல் போய்விட்டால் அவளுக்கு வேறு யார்?

படம் முதல் பரிசு வாங்கியது. முன்கூட்டியே பார்க்க மாட்டேன், என் ஆட்களோடுதான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்த மாமா, பரிசளிப்பு விழாவுக்குக் கிடங்கையே கூட்டிவந்து ஒரு வரிசையை அடைத்துக்கொண்டார்.

குதிரை பின்னால் நடந்தது. அரங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. தொப்பியை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்ட மாமாவைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்த கிடங்கு ஆள் மாமாவின் தொடையைத் தட்டினார்.

“பாருங்க ஷெரிஃப், மூணு டன் ஏத்திக்கிட்டுப் பின்னால வர்ற மாதிரி என்ன நிதானம்.”

தொப்பி மெல்ல உயர்ந்தது. திரை முழுக்க மாமாவின் முகம். வேலையில் இருக்கும் முகம். அதில் பயம் மருந்துக்கும் இல்லை.

மேடைக்கு இருவரையும் அழைத்தார்கள். மாமா மைக்கை வாங்கிக்கொண்டார்.

“வெட்டிடறேன்னு தலையாட்டினா. பொய்.”

அவள் குனிந்துகொண்டாள். மாமாவின் கை அவள் தோளில் விழுந்தது.

“நான் பயந்துட்டேன்னே இவ்வளவு நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றவர், படம் ஓட்டுகிறவர் இருந்த திசையைத் தேடிக் கையை ஆட்டினார். “தம்பி, அதை இன்னொரு தடவை போடுங்க. நான் பாதிதான் பார்த்தேன்.”