பாதித் தலை வந்த படங்கள்

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே நான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தபோது, கதவை நெம்பித் திறந்து கை கொடுத்துத் தூக்கிவிட்ட மெக்கானிக்கிடமிருந்து. நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் வாய் எங்கே சும்மா இருக்கிறது? வெளிச்சத்துக்காக அவர் பிடித்திருந்த போனின் திரையில் ஒரு படம் தெரிந்தது. ஏரிக்கரையில் அவர், இரண்டு கையிலும் ஏந்திய பெரிய மீன், முகம் கொள்ளாத சிரிப்பு.

"ஆளும் மீனும் அம்சமா இருக்கீங்க. யாரு எடுத்தது?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நீங்களும் அதையே கேக்குறீங்களா?" என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அவர் கொட்டித் தீர்த்ததுதான் இனி வருவது. நடுநடுவே என் கைச்சரக்கும் உண்டு. அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

2

முதல் தொடக்கம்: 'ஏரியின் மேல் விடியல் மெல்லத் தன்'

வேண்டாம். விடியலை விவரித்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

இரண்டாவது: 'மெக்கானிக் தனிமையை விரும்பினார், ஏனென்றால்'

ஏனென்றால் என்ன, ஏனென்றால்? வாரம் பூராவும் மாட்டிக்கொண்டவர்களின் அலறலைக் கேட்கிற மனிதர். ஒரு நாளாவது யாரும் மணி அடிக்காத இடத்தில் உட்கார வேண்டாமா?

மூன்றாவது தேறும். மெக்கானிக் விடுமுறை நாளில் தனியாகத்தான் மீன் பிடிக்கப் போவார். பிடித்ததோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். வீட்டுக்கு வருவது படம் மட்டும்.

தனியாளாய் மீனோடு படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. தூண்டில் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்து, டைமரை அழுத்திவிட்டு ஓட வேண்டும். தண்ணீருக்குள் வலையில் காத்திருக்கும் மீனைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் போன் எடுத்து முடித்திருக்கும். ஓடுகிற முதுகு வரும், வெறும் வானம் வரும், எல்லாம் கூடிவந்தால் தலை பாதி வரும். மீனைத் தண்ணீரில் மூச்சு விடவைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அன்றைக்குத்தான் ஒரு படம் நட்டநடுவில், நகம் முதல் முடி வரை முழுசாக விழுந்தது. எப்படியென்று அவருக்கே தெரியாது.

(கரையில் ஈ காக்கை கிடையாது என்கிறேன். அப்படியானால் அந்த ஓட்டத்தைப் பார்த்தது யார் என்று கேட்காதீர்கள். கேட்டால் நானும் மாட்டிக்கொள்வேன்.)

3

மனைவி, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். (முதலில் அவரைத் தையல்காரராக வைத்திருந்தேன். கதை நகரவே மாட்டேன் என்றது. மாற்றியதும் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.)

"நல்லா வந்திருக்கே. யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? டைமர்தான்."

"டைமர்ல உங்களுக்கு என்னிக்கு முழுத் தலை வந்திருக்கு? நாள் பூரா நெஞ்செலும்பு எடுக்கிறவ நான். ஒரு ஆளை நேரா நிறுத்த எதிர்ல இன்னொரு ஆள் வேணும்னு எனக்குத் தெரியாதா?"

குரல் உயரவில்லை. படத்தைப் பெரிதாக்கி, மீனை ஓரம் கட்டி, கணவர் முகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். "மீன் கிடக்கட்டும். என்னைப் பாத்து இப்படிச் சிரிச்சு வருஷக்கணக்காச்சுங்க."

ஒரே சாட்சியான மீனும் ஏரிக்குள் போயாயிற்று. அப்போதுதான் மெக்கானிக்குக்கு அந்தச் சொதப்பல் படங்களின் நினைவு வந்தது. எதிரே ஆளே இல்லை என்று அவையல்லவா அடித்துச் சொல்லியிருக்கும்! ஆனால் நல்லதாய் ஒன்று கிடைத்த பூரிப்பில், தூண்டில்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, மிச்சத்தைக் கரையிலேயே துடைத்துத் தள்ளியிருந்தார்.

"மத்ததெல்லாம் டெலீட் பண்ணிட்டேனே" என்று சொல்லியும் தொலைத்தார்.

"ஓஹோ" என்றார் மனைவி. போனை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார்.

என் இரண்டு உருப்படாத தொடக்கங்களையும் ஏன் அழிக்காமல் விட்டேன் என்று இப்போது புரிகிறதா? நான் முன்ஜாக்கிரதையான ஆள்.

4

முடிவு ஒன்று: அழித்த படங்களை மீட்டுத் தரும் கடைக்கு ஓடுகிறார். படங்கள் வருகின்றன. மனைவி விழுந்து விழுந்து சிரிக்

இல்லை. எதிரே யாரும் இல்லை என்று நிரூபித்துவிடலாம். வருஷக்கணக்காய்ச் சிரிக்காததற்கு எந்தக் கடையில் போய் நிற்பது?

முடிவு இரண்டு: எதிரே நிஜமாகவே ஒருத்தி. எழுதிப் பார்த்தேன். கால் மணி நேரம் கரையில் நின்றுவிட்டு, போரடிக்கிறது என்றாள். அனுப்பிவிட்டேன்.

5

அடுத்த விடுமுறைக்கு மனைவியும் கிளம்பினார். "இந்தத் தடவை நான் எடுக்கிறேன். அந்தச் சிரிப்பு வருதா பாத்துடலாம்."

மடக்கு நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தூண்டிலின் மிதவை அசையவில்லை.

"இங்க யாரும் பேசவே மாட்டாங்களா?"

"அதுக்குத்தானே வர்றேன்." சொன்ன பிறகு மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனைவி தண்ணீரையே பார்த்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாம். நானும் பேசாம உக்காந்திருப்பேனே."

அந்த நேரம் பார்த்து மிதவை முங்கியது. பெரிய மீனெல்லாம் இல்லை, உள்ளங்கை நீளம். மெக்கானிக் அதைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். மனைவி போனைத் தூக்கினார். மருத்துவமனைப் பழக்கம் தானாக வந்துவிட்டது.

"அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மீன் துள்ளுகிறது. மனைவியின் கண் மீனில் இல்லை, கணவர் உதட்டில் இருக்கிறது.

வந்ததா, வரவில்லையா? எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது. இவ்வளவு நேரம் நான் நின்றிருந்தேன், இனி நீங்கள் வந்து நில்லுங்கள். அவர் எடுத்து முடித்ததும் எட்டிப் பாருங்கள். தலை பாதிதான் வந்திருந்தாலும் அழிக்க விடாதீர்கள்.